நாலாவது கல்

குழியில் கிடைத்தவன் குப்புறக் கிடந்தான். அவன் முதுகின் மேல் ஒரு பெரிய பாறையைத் தூக்கி வைத்திருந்தார்கள். செத்தவன் மேல் பிரியம் இருக்கிற யாரும் அப்படிப் புதைப்பதில்லை. எழுந்து வந்துவிடுவானோ என்று பயந்தவர்கள் செய்த வேலை அது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள் என்றார்கள். தோண்டியவர்கள் அவனை மண்ணோடு சேர்த்து, நாலு பக்கமும் பலகை அடித்து, ஒரே கட்டியாக எங்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பழுதுபார்க்கும் அறையில் அவன் எனக்கு வந்து சேர்ந்தான். உடைந்ததை ஒட்டுவதும் மண்மூடியதைத் துலக்குவதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். மேலே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எனக்குப் ‘பசையம்மா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் இடுப்புக்குப் பக்கத்தில் மூன்று மண் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கிடந்தன. அருகில் மூன்று வெள்ளைக் கூழாங்கற்கள். எங்கள் காப்பாட்சியர் ஒரு பார்வை பார்த்தார், தீர்ப்பு சொல்லிவிட்டார். அவை மருந்து கலக்கும் கிண்ணங்களாம், செத்தவன் வைத்தியனாம். அவருக்கு எதைக் கண்டாலும் வைத்தியன்தான். போன வருஷம் ஒரு சீப்பைப் பார்த்து அறுவைக் கருவி என்று சொன்னவர் அவர்.

அன்றைக்கு நான் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைக் கொண்டுவந்து கொடுக்க என் தம்பி வந்தான். அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. அவன் கைவித்தைக்காரன். பிறந்தநாள் வீடுகள், பள்ளிக்கூட விழாக்கள், வேலை இல்லாத நாளில் கடைத்தெரு முனை. மூன்று குவளை, மூன்று பந்து. இந்தக் குவளைக்கு அடியில் வைத்தது அந்தக் குவளைக்கு அடியில் இருக்கும். கடைசியில் எதிரே நிற்கிற குழந்தையின் காதிலிருந்து ஒரு பந்து வரும். எல்லா ஊரிலும் யாரோ ஒருவன் செய்கிற வித்தைதான். ஆனால் அது எப்படி என்று இருபது வருஷத்தில் எனக்குக்கூட அவன் சொன்னதில்லை. “இந்தத் தொழில்ல இருக்கிற ஒரே சத்தியம் அதுதான், வாயைக் கிளறாதே” என்பான்.

கண்ணாடியை என் கையில் கொடுத்தவன் கிளம்பவில்லை. தட்டில் இருந்த கிண்ணங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இது என்னக்கா?”

“மருந்துக் கிண்ணமாம்.”

“யாரு சொன்னா?”

“படிச்சவங்க.”

“படிச்சவங்க கவுத்துப் பாக்கலையா? அடியைப் பாரு.”

கவிழ்த்தேன். மூன்றின் அடியிலும் கட்டைவிரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம். குயவனின் பழக்கம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

“கிண்ணத்து மேல கிண்ணம் வெச்சா நடுவுல ஒரு கல்லு உக்கார இடம் வேணும். மருந்துக்கு எதுக்கு இந்தப் பள்ளம்?” அவன் குரல் இறங்கிவிட்டது. “அக்கா, இவன் எங்க ஆளு.”

சொந்தக்காரன் செத்த செய்தி கேட்டவன் போல அவன் கண் கலங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“கல்லு மூணுதான் கிடைச்சுதா?”

“மூணுதான்.”

“நாலு இருக்கும். நல்லாத் தேடு.”

சொன்ன மறுநொடி வாய்க்கு நேரே கையை வைத்து இருமினான். எனக்குத் தெரிந்த இருமல் அது. ஐந்து வயதில் சர்க்கரை டப்பாவில் கையை விட்டுவிட்டு “நான் இல்லம்மா” என்று சொன்ன நாளிலிருந்து, எதையாவது மறைக்கும்போது அவனுக்கு இருமல் வரும். எங்கள் வீட்டு வழக்கமே அது. அம்மாவுக்கும் இருந்தது.

“மூணு பந்து வித்தைக்கு நாலாவது எதுக்குடா?”

“நான் ஒண்ணும் சொல்லல. நீ ஒண்ணும் கேக்கல.” வேகமாகப் படியேறிப் போய்விட்டான். கூடப் பிறந்தவளுக்குச் சொல்லாததை, செத்து இரண்டாயிரம் வருஷம் ஆன ஒருவனுக்காக உளறிவிட்டான்.

அந்த வாரம்தான் எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது.

எங்கள் குடியிருப்பு நாலு மாடி, பதினாறு வீடு. இரண்டாம் மாடியில் லாரி மெக்கானிக் குடும்பம். அவருடைய மகளுக்கு ஏழு வயது முடிந்ததற்கு என் தம்பி போய் வித்தை காட்டினான். அந்தக் குழந்தையின் இடது காதிலிருந்து சிவப்புப் பந்தை எடுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று ராத்திரியே குழந்தைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் அந்தக் காது கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல் வந்தது.

“எடுத்துட்டான்” என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. எதை எடுத்தான் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் படியேறும்போது பேச்சு நின்றது. தம்பி ஏறும்போது கதவுகள் சாத்திக்கொண்டன. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துணிகளில் அவன் சட்டை மட்டும் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு நீளக் குச்சி. கையால் தொடக்கூட மனசில்லாமல் குச்சியால் தள்ளியிருக்கிறார்கள். நான் சட்டையை எடுத்து உதறி மறுபடி கொடியில் போட்டேன்.

“போய்ச் சொல்லுடா. வெறும் வித்தைன்னு சொல்லு. எப்படின்னு காட்டிடு” என்றேன்.

“காட்டிட்டா நாளைக்கு எவன் கூப்பிடுவான்? காய்ச்சல் இறங்கினா எல்லாம் அடங்கிடும்க்கா. நீ சும்மா பயப்படாதே.”

சொல்லும்போது அவன் தன் சுண்டுவிரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். பார்க்காத மாதிரி எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

வேலையில் அப்போது நான் செத்தவனின் வலது கைக்கு வந்திருந்தேன். மூங்கில் குச்சி, மென்மயிர்த் தூரிகை, ரப்பர் ஊதி. ஒரு நாளைக்கு ஒரு விரல். தம்பி சொன்ன நாலாவது கல் இந்தக் கைக்குள்தான் இருக்கும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். காப்பாட்சியரின் முகத்துக்கு நேரே அதை நீட்டப் போகும் நாளை நினைத்து மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

கை வெறுமையாக இருந்தது. உள்ளங்கை மண்ணை இரண்டு முறை சலித்தேன். ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் ஒரு தினுசாகப் பின்னால் வளைந்து கிடந்தன. எலும்பு பார்க்க வரும் டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

“ஒவ்வொண்ணா ஒடிச்சிருக்காங்க” என்றார். “சுண்டுவிரல்ல ஆரம்பிச்சிருக்கணும். இந்த முறிவைப் பாத்தா, அப்ப இவன் உயிரோடதான் இருந்திருக்கான்.”

“எதுக்கு?”

“மூடின கையைத் திறக்கத்தான். வேற எதுக்கு?”

நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். கண்ணாடியில் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. இதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லவும் இல்லை.

மறுநாள் மதியம் தாடைக்கு வந்தேன். பல் வரிசை இரண்டும் இறுகக் கடித்திருந்தன. செத்தவனின் வாய் இப்படி இருப்பது அபூர்வம். பொதுவாகத் தாடை தொங்கிவிடும். இவனை முகம் மண்ணில் அழுந்தப் போட்டதால் அது அப்படியே நின்றுவிட்டது போலிருக்கிறது. பல்லுக்குப் பின்னால் இருந்த மண்ணைக் குச்சியால் நெருடினேன். டக் என்றது. ஊதினேன். வெள்ளையாக ஒரு கூழாங்கல். மற்ற மூன்றின் உடன்பிறப்பு.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். என்ன நடந்திருக்கும் என்பது அந்தக் கல்லைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கூட்டம் சூழ்ந்துகொண்டு “கையைத் திற” என்றிருக்கிறது. அவன் கல்லை வாய்க்குள் தள்ளிவிட்டான். விரல்களை ஒடித்துத் திறந்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. கையில் கல் இருந்திருந்தால் ஏமாற்றுக்காரன் என்று நாலு உதை விட்டு அனுப்பியிருப்பார்கள். ஒன்றும் இல்லாததால்தான் பயந்தார்கள். அந்தப் பாறையைத் தூக்கிவரப் பத்துப் பேராவது வேண்டும். அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. “சீக்கிரம் வாம்மா. எல்லாரும் உங்க வீட்டுக்கு ஏறிட்டாங்க. மெக்கானிக் கையில ஸ்பேனர் இருக்கு.”

நான் உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. கல்லைப் பெட்டியில் வைத்து, எண் எழுதி, தேதி எழுதி, பெட்டியைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் ஓடினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தம்பியின் உயிர் ஊசலாடுகிறது, கை தன்பாட்டுக்கு லேபிள் எழுதுகிறது. அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் என்னை மன்னிக்கப் போவதில்லை.

வாடகை வண்டியில் வழி நெடுக அந்த ஒடிந்த விரல்கள்தான் கண்ணில் நின்றன. வாசலில் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றிருந்தார். “போலீசுக்குச் சொல்லிட்டேன். வரேன்னாங்க. எப்ப வருவாங்களோ!”

படி முழுக்க ஆட்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். போன மாதம் எனக்குச் சமையல் வாயு உருளையைத் தூக்கிக் கொடுத்தவர், என்னிடம் உடைந்த பொம்மையை ஒட்டி வாங்கிப் போனவள். வழி விடச் சொல்லிக் கத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர்களே ஒதுங்கினார்கள். என் சேலை தங்கள் மேல் பட்டுவிடாமல் சுவரோடு ஒட்டி நின்றார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

முன்னறையில் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே மேசையில் அவனுடைய மூன்று தகரக் குவளைகள், மூன்று சிவப்புப் பந்துகள். மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். மனைவியின் மடியில் குழந்தை, காதில் பஞ்சு.

“எடுத்ததைத் திருப்பி வெச்சுடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். வெச்சுடு” என்றார் மெக்கானிக். கத்தவில்லை. ஸ்பேனரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அந்த மனுஷன் எங்களைவிட அதிகமாகப் பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. கோபக்காரனிடம் பேசிப் பார்க்கலாம். பயந்தவனிடம் என்ன பேசுவது?

“அண்ணே, நான் எதையும் எடுக்கலண்ணே. அது வித்தைண்ணே.”

“அப்ப எங்க கண்ணு முன்னால காட்டு.”

தம்பி என்னைப் பார்த்தான். “காட்டிடுடா” என்றேன். “நாலாவதைக் காட்டிடு. தொழில் போனாப் போவுது, நான் சோறு போடறேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருபது வருஷச் சத்தியத்தைக் கழற்றி வைக்கக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. பிறகு எழுந்தான். மூன்று பந்துகளையும் மூன்று குவளைகளின் தலையில் வைத்தான்.

“நீங்க பாக்கறது மூணு பந்து. உங்களுக்குத் தெரியாம நாலாவது ஒண்ணு எப்பவும் என் கையில இருக்கும். மொத்த வித்தையும் அதுதான். பாப்பா காதுல இருந்து வந்ததும் அதுதான். அவ காதுல ஒண்ணும் இல்ல, நான் ஒண்ணும் எடுக்கல. இப்பவும் கையில இருக்கு. இதோ.”

இருமினான். மூடிய வலது கையை மேசை மேல் நீட்டினான். ஒவ்வொரு விரலாகத் திறந்தான்.

ஒன்றும் இல்லை.

வாசல் பக்கம் ஒரு பெண் வீரிட்டாள். அறையில் இருந்த அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள். நாற்காலி உரசும் சத்தம், செருப்பு உரசும் சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை. தம்பி தன் உள்ளங்கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நடிக்கத் தெரிந்தவன்தான், ஆனால் அது நடிப்பு இல்லை. அவன் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

“அந்தக் கை” என்றார் மெக்கானிக். இடது கையையும் திறந்தான். அதிலும் இல்லை.

“எங்கடா? எங்க வெச்சிருக்கே?” ஸ்பேனர் கீழே விழுந்தது. மெக்கானிக் தம்பியின் வலது கையைப் பிடித்துச் சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார். லாரிச் சக்கரத்தைக் கழற்றுகிற கை அது. சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி ஒடிவது போல, சின்னச் சத்தம்தான்.

தம்பி அலறவில்லை.

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உடம்பு துடிக்கிறது, உதடு மட்டும் ஒட்டவைத்தது போல மூடியிருக்கிறது. விரல் ஒடிந்தவன் எவனாவது வாயை மூடிக்கொண்டிருப்பானா? இன்று மதியம் நான் பார்த்த வாய் அது. மெக்கானிக் அடுத்த விரலைப் பிடித்துவிட்டார்.

“வாயைத் திறடா!” என்று கத்தினேன்.

அவன் தலையை ஆட்டினான். நான் மேசையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். சின்ன வயதில் கசப்பு மருந்து கொடுக்க அவன் தாடையை எப்படிப் பிடிப்பேனோ அப்படி இரண்டு பக்கமும் அழுத்தினேன். என் நகம் அவன் கன்னத்தில் இறங்கியது. பல் விலகியது. கோலிக்குண்டைவிடச் சின்னதாக, எச்சிலில் நனைந்த சிவப்புப் பந்து மேசையில் விழுந்து, உருண்டு, தரையில் குதித்து, குழந்தையின் காலடியில் போய் நின்றது.

அதன் பிறகுதான் அவன் அலறினான்.

யாரும் அசையவில்லை. குழந்தை மட்டும் குனிந்து பந்தைப் பார்த்தது. “சீ, எச்சி!” என்றது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தது. “வாயில ஒளிச்சு வெச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றாரும்மா இந்த மாமா” என்று சொல்லிச் சிரித்தது. காய்ச்சல் குரலில் கரகரவென்று ஒரு சிரிப்பு. வாசலில் யாரோ மூச்சை விட்டார்கள். இன்னும் யாரோ சிரித்தார்கள். படியில் நின்றவர்கள், சினிமா முடிந்து போவது போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கத் தொடங்கினார்கள். மெக்கானிக் அதே இடத்தில் உட்கார்ந்து, தம்பியின் ஒடிந்த கையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, “ஐயோ, ஐயோ” என்று அழுதார்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஒரே வண்டியில் போனோம். மெக்கானிக்தான் ஓட்டினார். போலீஸ் அதுவரை வரவே இல்லை. குழந்தையின் காதுக்குள் சீழ் பிடித்திருக்கிறது, பத்து நாள் மருந்து ஊற்றினால் கேட்கும் என்று காது டாக்டர் சொன்னார். இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று பெற்றவர்களைத் திட்டினார்.

நாங்கள் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் கடிகாரம் ஐந்து மணி காட்டியது.

“எதுக்குடா வாயில போட்டே? காட்டறேன்னுதானே எழுந்தே?”

“காட்டணும்னுதான்க்கா நெனச்சேன். சத்தியமா. கை கேக்கல. நான் இருமினப்பவே அது பாட்டுக்கு வாயில போட்டுடுச்சு. திறந்து பாத்தப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. விரல் ஒடிஞ்சதும் பல்லு இன்னும் இறுகிக்கிச்சு.”

மதியம் நான் எழுதிய லேபிளை நினைத்துக்கொண்டேன். அவன் தலையைத் தடவினேன்.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது, வாயில இருக்குன்னு?”

“உங்க ஆளு சொன்னான்” என்றேன். கல்லைப் பற்றியும் விரல்களைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டான். முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

“அவனுக்கும் வீட்டு ஆளு யாராவது கூட்டத்துல நின்னிருப்பாங்க இல்ல?”

“நின்னிருக்கலாம்.”

“அக்கா…” கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டான். “கையைத் திறந்தேன், ஒண்ணும் இல்ல. எல்லாரும் ஓரடி பின்னால போனாங்க. அப்ப நீயும் போனியா?”

“சேச்சே, நான் ஏன்டா போறேன்?” என்றேன்.

சொன்னதும் எனக்கு இருமல் வந்தது.